பெருந்துறை மண்டபத்தில் ஒரு போர்வை ஒத்திகை

கோபத்தில் இருக்கும் நானூறு பேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது சும்மா நடிப்புங்க" என்று மட்டும் ஒரு மனிதன் சொல்லவே கூடாது. மேலாண்மைப் படிப்புக்காக இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். இதை யாரும் சொல்லித் தரவில்லை. பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மேடையில் நின்று, சொந்தமாகக் கண்டுபிடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில், ஒற்றை அறையில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தேன். (நிறுவனம் என்றால் நானும் ஒரு பிரிண்டரும்.) பம்ப் கம்பெனிக்கு ஃபிட்டர், மில்லுக்கு சூப்பர்வைசர், நகைக்கடைக்குச் சலிக்காமல் சிரிக்கத் தெரிந்த விற்பனைப் பெண்கள். இதுதான் தொழில். நேர்காணலுக்கு வருகிறவர்கள் என் எதிரில் உட்கார்ந்ததும் முகம் வெளுத்துப்போவார்கள். கீழே பல்லைக் குடையும் சத்தம்தான் காரணம். நான் அதை என் ஆளுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்ட எனக்கு ஒருநாள் பழனிச்சாமி அண்ணன் போன் செய்தார். பெருந்துறையில் போர்வை மில் வைத்திருப்பவர். வெளிநாட்டு நிவாரண அமைப்பு ஒன்று அவரிடம் போர்வை வாங்கிக்கொண்டிருந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வறட்சியால் ஊரைவிட்டு வந்து முகாம்களில் கிடப்பவர்களுக்கு அனுப்புகிறார்களாம். அங்கே நிவாரண வேலைகளை நின்று நடத்த ஒரு கள அலுவலர் தேவை. குடோனும் தெரிய வேண்டும், கூட்டத்துக்குப் பொருள் பிரித்துக் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

"உங்க பக்கம் அப்படி ஆளு கெடைக்குமான்னு கேட்டாங்க. எனக்கு உங்க நெனப்பு வந்துச்சுங்க தம்பி" என்றார் அண்ணன். அந்த நினைப்பு வந்ததற்காக அவர் இன்று வரை வருந்துகிறார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஃபிட்டர் பிடித்துக்கொண்டிருந்தவன் இனிமேல் மனிதகுலத்துக்கே ஆள் பிடிக்கப் போகிறேன். நேராக டவுன்ஹால் கடைவீதிக்குப் போய், தொலைக்காட்சியில் நிவாரணப் பணியாளர்கள் போட்டிருப்பார்களே, அந்த மாதிரிக் கையில்லாத காக்கிக் கோட்டு ஒன்று வாங்கினேன். பதினொரு பாக்கெட். எதை வைப்பதென்று தெரியாமல் ஒவ்வொன்றிலும் ஒரு பேனா செருகிக்கொண்டேன்.

என் மனைவி பிரபா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங்க, ஆப்பிரிக்காவுக்குப் போறது வேற ஒருத்தருதானுங்களே?"

"ஆமா."

"அப்புறம் நீங்க எதுக்கு இதப் போட்டுட்டு தயிர் வாங்கப் போறீங்க?"

விளம்பரம் கொடுத்ததும் நாற்பது சொச்சம் விண்ணப்பங்கள் வந்தன. இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்கள் அனுப்பியவற்றைத் தனியாக ஒரு கவரில் போட்டு மூடிவிட்டேன். பாலைவனம், லாரி, மூட்டை, கூட்டம். பெண்களுக்கு ஒத்துவராது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். (அந்த அமைப்பு அப்படி எதுவும் சொல்லவில்லை. நானாகச் சேர்த்த சேவை.) விடாமல் போன் செய்து கேட்ட ஒன்றிரண்டு பேருக்கு அறிவுரையும் சொல்லி அனுப்பினேன்.

கடைசியில் மூன்று பேர் தேறினார்கள். முதலாமவர் கார்த்திக், எம்.பி.ஏ., ஆங்கிலம் அருவி மாதிரி கொட்டும். இரண்டாமவர் சரவணன், கல்லூரியில் என்.சி.சி., மலை மாதிரி உடம்பு. மூன்றாமவர் உக்கடத்திலிருந்து யூசுப், ஒரு மருந்து மொத்த வியாபாரக் குடோனில் வேலை, கேட்டால் மட்டும் பேசும் பையன்.

அமைப்பின் சார்பில் ஆளைத் தேர்ந்தெடுக்க நைரோபியிலிருந்து கிரேஸ் என்ற அம்மையார் வருவதாக இருந்தது. மில்லில் போர்வையையும் பார்த்துவிட்டு, நேர்காணலையும் முடித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. வீடியோவில் பேசியபோது எளிமையாக ஒரு யோசனை சொன்னார். "இருநூறு பேர் நிற்கிறார்கள், நூற்றைம்பது போர்வைதான் இருக்கிறது, என்ன செய்வாய் என்று கேளுங்கள். பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்."

கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஐந்து நிமிட வேலை.

"கேக்கறது என்னங்க மேடம், செஞ்சே பாத்தர்லாம்" என்றேன். என் ஆங்கிலம் அவருக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைக்கிறேன். நல்லது என்று தலையாட்டினார்.

கிரேஸ் வருகிற, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்குப் பெருந்துறையில் கல்யாண மண்டபம் பிடித்தேன். பழனிச்சாமி அண்ணனிடம் கெஞ்சி, மடிப்புக் கலையாமல் சாயங்காலமே திருப்பித் தருவதாகச் சத்தியம் செய்து, நூற்றைம்பது போர்வை கடன் வாங்கினேன். மிச்சம் இருந்தது அகதிகள். மண்டபத்து மேனேஜருக்கும், பக்கத்தில் மெஸ் நடத்துகிறவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டேன்: "ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்தில் நிவாரணப் போர்வை வழங்கும் ஒத்திகை. கூட்டமாக நின்று நடிக்க இருநூறு பேர் தேவை. மதியச் சாப்பாடு உண்டு."

தெளிவான செய்திதான். ஆனால் பெருந்துறைத் தொழிற்பேட்டையில் எத்தனை ஆயிரம் பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு எத்தனை வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன என்பதை நான் யோசிக்கவில்லை. கை மாறக் கை மாற, "ஒத்திகை" முதலில் உதிர்ந்தது. அப்புறம் "நடிக்க" போயிற்று. பிறகு "இருநூறு". ஞாயிறு காலையில் எனக்கே அந்தச் செய்தி யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்தது: "அனைவருக்கும் இலவசப் போர்வை. ஆதார் ஜெராக்ஸ், போட்டோ இரண்டு அவசியம். முந்துபவர்களுக்கே!" கீழே தேசியக் கொடி படம்.

நான் அதைப் படித்துவிட்டு, அட, நம்மைப் போலவே வேறு யாரோ இன்று போர்வை கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆண்டவன் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பதரைக்கு மண்டபத்து வாசலில் இறங்கியபோதுதான் அந்த வேறு யாரோ நான்தான் என்று தெரிந்தது. கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் ஆட்கள். இரவு ஷிப்ட் முடித்து அப்படியே வந்த வடநாட்டுப் பையன்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள், ஊன்றுகோலோடு ஒரு தாத்தா, ஆட்டோவில் வந்து இறங்கிய குடும்பங்கள். எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ். எதிரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்தான் அன்றைக்கு என்னைப் பார்த்து மனமாரக் கும்பிட்டார்.

மூன்று வேட்பாளர்களும் உள்ளே காத்திருந்தார்கள். யூசுப்புக்குத் துணையாக அவனுடைய அக்கா ஜமீலா வந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் இளநீலத் துணி, மடியில் தம்பியின் சாப்பாட்டுப் பை. கடைசி வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

"சார், கூட்டம் ரொம்ப இயல்பா இருக்கே" என்றார் கார்த்திக். அருவி ஆங்கிலம் அதற்குள் வற்றியிருந்தது.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தார்கள். திறந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கதவே வழிவிட்டது. கூட்டம் மேடை வரைக்கும் ஒரே அலையாக வந்து நின்றது. சரவணன் என்.சி.சி. பாணியில் நெஞ்சை நிமிர்த்தி விசில் ஊதினார். விசில் ஊதினால் பந்தயம் ஆரம்பம் என்று கூட்டம் நினைத்ததில் தப்பே இல்லை. மீதி இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். திரும்பிப் பார்த்தேன், கார்த்திக்கைக் காணவில்லை. மணமகள் அறையின் தாழ்ப்பாள் உள்ளேயிருந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் நான் மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் அமைதியா இருங்க! இது நிஜமில்லைங்க. இது சும்மா நடிப்புங்க!"

மண்டபமே அடங்கிப்போனது. முன்னால் நின்ற ஊன்றுகோல் தாத்தா என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நடிப்புங்களா? அப்ப நான் காங்கேயத்துல இருந்து பஸ் ஏறி வந்தது என்னங்க?"

"அதில்லைங்க, போர்வை யாருக்கும் கெடையாதுங்க. வாங்கீட்டுத் திருப்பிக் குடுத்தரணும்…"

அதற்கப்புறம் நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. கொங்கு நாட்டில் கோபம் வந்தாலும் மரியாதை போகாது. "யோவ்" என்று ஒருத்தர் சொல்லவில்லை. "நீங்கெல்லாம் நல்லா இருப்பீங்களா?", "உங்களப் பெத்தவங்க உங்களுக்குச் சோறுதான் போட்டாங்களா?" என்று நாலு பக்கமும் 'ங்க' போட்டுத் திட்டு விழுந்தது. மரியாதையாகத் திட்டு வாங்கினால் உறைப்பு கூடுதல் என்று அன்று தெரிந்தது.

ஒரு அம்மா மேடையேறி, அடுக்கிலிருந்து ஒரு போர்வையின் முனையைப் பிடித்தார். நான் மறுமுனையைப் பிடித்தேன்.

"உடுங்கம்மா."

"நீங்க உடுங்க சாமி."

"இது திருப்பிக் குடுக்கோணுமுங்க."

"எனக்குக் குடுத்தீங்கன்னா நானும் பத்தரமாத்தானுங்க வெச்சிருப்பேன்."

அவர் இழுக்க, நான் இழுக்க, என் பின்னால் இருந்த அடுக்கு சரிந்து, போர்வைகளின் மேல் மல்லாக்க விழுந்தேன். போர்வையை மட்டும் விடவில்லை. அந்த நொடியில் யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

விழுந்து கிடந்தவனுக்கு மேலே ஒரு இளநீலத் துணி தெரிந்தது. ஜமீலா.

"சார், எத்தனை போர்வை இருக்குது?"

"நூத்தம்பது."

"குடுக்கறீங்களா, இல்லைங்களா?"

"மில்லுக்குத் திருப்பி…"

"குடுக்காம நீங்க வெளிய போக முடியாதுங்க சார். ஓனருக்குப் போன் போடுங்க."

படுத்தபடியே போட்டேன். பழனிச்சாமி அண்ணன் எடுத்ததும், "என்னங்க தம்பி, ஒரே சத்தமா இருக்குது. கல்யாணமுங்களா?" என்றார். அழுகிற குரலில் விஷயத்தைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "குடுத்துப்போடுங்க. பொறவு பேசிக்கலாமுங்க" என்று வைத்துவிட்டார்.

ஜமீலா என் கோட்டிலிருந்து பேனாக்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொண்டு மைக்குக்குப் போனார்.

"எல்லாரும் நின்ன எடத்துலயே உக்காருங்க. உக்காந்தவங்களுக்குத்தான் போர்வை." அதையே இந்தியில் சொன்னார். (திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினோரு வருடமாக சரக்கு அனுப்பும் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் என்றும், கீழே வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வடநாட்டுக்காரர்கள் என்றும் பின்னால் தெரிந்தது.) முதலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். பிறகு எல்லோரும். உட்கார்ந்த மனிதன் யாரையும் தள்ள முடியாது. இவ்வளவு சின்ன விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

"பொய் சொல்ல மாட்டேனுங்க. இருக்கறது நூத்தம்பது. நீங்க நானூறு பேருக்கு மேல இருக்கறீங்க. எல்லாருக்கும் பத்தாது. வயசானவங்க, கைக்குழந்தைக்காரங்க, ஒடம்புக்கு முடியாதவங்க, இவங்களுக்கு மொதல்ல. உங்க பக்கத்துல அப்படி யாரு இருக்காங்கன்னு நீங்களே கையக் காட்டுங்க."

சண்டை வரும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது, கைகள் எழும்பியிருந்தன. ஒவ்வொரு கையும் இன்னொருவரைக் காட்டியது. என்னைக் கேள்வி கேட்ட காங்கேயத்துத் தாத்தாவை நாலு பேர் காட்ட, அவர் பக்கத்தில் குழந்தையோடு இருந்த ஒடிசாப் பெண்ணைக் காட்டி, "இந்தக் கண்ணுக்கு மொதல்ல குடுங்க அம்மணி. நமக்கு ஊட்டுல பழசு ஒண்ணு கெடக்குது" என்றார்.

அதற்குப்பின் வேலை மளமளவென்று நடந்தது. கல்யாண நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு நடுவில் சந்து மாதிரி வழி. முன்கதவால் வந்து பின்கதவால் வெளியே. எல்லோர் கையிலும் இருந்த ஆதார் ஜெராக்ஸின் பின்பக்கத்தில் பேனாவால் எண் போட்டு, அதையே டோக்கனாக்கிவிட்டார் ஜமீலா. யூசுப் எண்ணைக் கூப்பிட்டான். சரவணன் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போர்வை எடுத்துக் கொடுத்தார். "நீங்க அந்தக் கதவுகிட்ட நில்லுங்க சார், யாரையும் எதுவும் சொல்லாதீங்க" என்பது எனக்கு வந்த உத்தரவு.

கதவுகிட்டப் போனேன். அங்கே ஒரு நாற்காலியில் கிரேஸ் அம்மையார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்த நேரத்திலேயே வந்துவிட்டாராம்.

"பிரமாதம்! இவ்வளவு தத்ரூபமான பயிற்சியை நான் எங்கும் பார்த்ததில்லை. இந்த நடிகர்களை எங்கே பிடித்தீர்கள்? குறிப்பாக, திறமையே இல்லாத அதிகாரியாக நீங்கள் நடித்தீர்களே, கீழே விழுந்தீர்களே, அற்புதம்" என்றார்.

"உள்ளூர்த் திறமை மேடம்" என்றேன். அந்த நேரத்தில் உண்மை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

சொல்லி வாய் மூடவில்லை, எஸ்.ஐ. ஒருவரும் இரண்டு காவலர்களும் உள்ளே வந்தார்கள்.

"ஓ, போலீஸ்கூடவா!" என்று கிரேஸ் எழுதிக்கொண்டார்.

"இங்க யாருங்க பொறுப்பு?" என்று எஸ்.ஐ. கேட்டார். மண்டபத்தில் இருந்த நானூறு பேரும் ஒற்றுமையாக என்னைக் காட்டினார்கள். எஸ்.ஐ. என் தோளில் கை வைத்த விதத்தைப் பார்த்துத்தான் கிரேஸின் பேனா நின்றது.

"இவர்கள் நடிகர்கள்தானே?"

"இல்லைங்க மேடம்."

"யாருமே?"

"யாருமே."

அந்த அம்மாவின் முகம் மாறியதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. நோட்டை மூடினார். எழுந்தார். "அப்படியென்றால் நான் இவ்வளவு நேரம் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறேன்" என்று தனக்குள் சொன்னார். பிறகு என்னிடம், "இல்லாதவர்களின் தேவையை நாடகமாகப் போடலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு சரவணன் பக்கத்தில் போய் நின்று போர்வை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். எஸ்.ஐ. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. போர்வை கிடைக்காதவர்கள்கூட ஜமீலாவிடம் "வாரோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என்னிடம் சொல்லவில்லை. மணமகள் அறையிலிருந்து கார்த்திக் தலைவாரிக்கொண்டு வந்து, நேர்காணல் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

கிரேஸ் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பெண்ணின் விண்ணப்பம் என்னிடம் இல்லையே."

"அவர் வேட்பாளர் இல்லை மேடம். வேட்பாளரின் அக்கா."

ஜமீலா தமிழில் குறுக்கிட்டார். "நான் அப்ளை பண்ணியிருந்தேனுங்க சார். போன் போட்டுக் கேட்டப்ப நீங்கதானே சொன்னீங்க? 'தங்கச்சி, இது கூட்டத்துல நின்னு செய்யற வேலை, லேடீஸ் தாங்க மாட்டாங்க, ஊட்டுல இருக்கற ஆம்பளைங்க யாரையாச்சும் போடச் சொல்லும்மா'ன்னு. அதான் தம்பியப் போடச் சொன்னேன்."

அந்த மூடிய கவர் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என்ன சொல்கிறார்?" என்றார் கிரேஸ். மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"இவருக்கும்… இந்த வேலையில் ஆர்வம் உண்டு என்கிறார் மேடம்."

"சார் நடுவுல கொஞ்சம் விட்டுட்டாருங்க" என்று சொல்லிவிட்டு, ஜமீலா முழுவதையும் ஆங்கிலத்தில், நிதானமாக, "தங்கச்சி"யை மட்டும் தமிழிலேயே வைத்துச் சொன்னார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. கிரேஸ் என்னைப் பார்த்த பார்வைக்கு, என் அலுவலகத்துக்குக் கீழே போய்ப் பல் பிடுங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

மண்டபத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அன்றே கிரேஸ் ஜமீலாவை ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். யூசுப் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். "பஸ்ஸுல பெருந்துறை வரதுக்குள்ளயே எனக்கு ரெண்டு தடவை வாந்திங்க சார். அக்கா சொன்னுச்சேன்னுதான் வந்தேன்" என்றான். இரண்டு மாதம் கழித்து ஜமீலா விமானம் ஏறினார். இப்போது அங்கே மூன்று முகாம்களுக்கு அவர்தான் பொறுப்பு.

பழனிச்சாமி அண்ணன் பொறவு பேசினார். "ஏனுங்க தம்பி, போனது போவட்டும். போர்த்தறதுக்கு இல்லாத சனத்துக்குத்தான் போச்சு. ஆனா இனி நீங்க நம்ம மில்லு கேட்டுப்பக்கம் வந்தீங்கன்னா நாயை அவுத்துடச் சொல்லியிருக்கேனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் புகைப்படம் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. மல்லாந்து கிடந்தபடி ஒரு ஏழைத்தாயிடமிருந்து போர்வையைப் பிடுங்குகிறேன். மேலே, "இப்படியும் மனிதர்கள்! வெட்கக்கேடு! பகிரவும்." பிரபாவின் பெரியப்பா வீட்டுக் குழுவில், அத்தை வீட்டுக் குழுவில், எங்கள் தெருக் குழுவில். பிரபா போனை நீட்டினாள். ஸ்பீக்கரில் என் மாமனார் பேசினார்.

"மாப்பிள்ளை, போர்வை வேணும்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? நம்மூட்டுல அஞ்சாறு சும்மாதானுங்களே கெடக்குது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே பஸ்ஸில் மூன்று போர்வை கொடுத்தனுப்பினார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. போன தையில் கொழுந்தியாளின் கல்யாணம். மூத்த மாப்பிள்ளை என்ற முறையில், வாசலில் தாம்பூலப் பை கொடுக்கும் மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். முதல் பையைக் கையில் எடுத்ததுதான் தெரியும். மணமேடையில் பொண்ணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த மாமனார் அத்தனை சனத்தையும் விலக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்து, பையை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, என்னைக் கூட்டிப்போய் பந்தியில் உட்கார வைத்தார்.

"நீங்க சாப்பிட்டுட்டே இருங்க மாப்பிள்ளை" என்றார், என் முதுகைத் தடவியபடி. "அதுவே எங்களுக்குப் பெரிய ஒத்தாசைங்க."

அன்று இரண்டு பந்தி சாப்பிட்டேன்.